கடலில் கலக்கும் தண்ணீர் வீணா? டெல்டாவின் இன்னொரு கணக்கு

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் ஷட்டர்கள் உயர்ந்ததும் செய்திகளில் ஒரு வாக்கியம் வந்துவிடும்: ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது.’ 2018இல் கேட்டோம், 2022இல் கேட்டோம், 2024 ஆகஸ்டிலும் கேட்டோம். அந்த 2024இல் குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய அணையை ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாத ஜூன் மாதத்தையும் கொள்ளிடம் கரைபுரண்ட ஆகஸ்டையும் ஒரே ஆண்டில் பார்த்த விவசாயிக்கு வயிறு எரியாமல் இருக்குமா? அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் ‘வீண்’ என்ற சொல்லை அப்படியே நம்பித் திட்டம் தீட்டினால் டெல்டாவின் பாதி உயிரைக் கணக்கில் விட்டுவிடுவோம்.

அப்படி விட்டுவிட்ட கணக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது ஆற்றின் மொத்த நீரை 740 டிஎம்சி என்று வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மிச்சம் 14. அதில் 10 டிஎம்சி சுற்றுச்சூழலுக்கு. 4 டிஎம்சி தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகும் நீர் என்று எழுதப்பட்டது. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. இந்த 14ஐ 740இல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டுகூட வராது. ஆறு கடலுக்குப் போவதை அந்தக் கணக்கு ஒரு கசிவாகத்தான் பார்த்தது.

கடல் முகத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் முத்துப்பேட்டைக் காயலில் உப்பைத் தணிக்கிறது. இறால் குஞ்சுகள் அந்த இரண்டுங்கெட்ட நீரில்தான் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. வெள்ளம் இறக்கும் மணலும் வண்டலும் கரை அரிப்பை ஈடுகட்டுகின்றன. நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் இருக்கும்வரைதான் கடல்நீர் உள்ளே ஏறாமல் நிற்கும். அது குறைந்தால் கடலோர ஊர்களின் அடிபம்பில் முதலில் தெரியும். இந்த வேலைகளுக்கெல்லாம் யாரும் ரசீது தருவதில்லை. அதனால்தான் அவை ‘வீண்’ என்ற பத்தியில் போய்ச் சேர்ந்தன.

வேலைக்கு ஒரு பெயர்

இயற்கை மனிதருக்குச் செய்யும் வேலைகளைச் சூழல் சேவைகள் என்று பெயரிட்டு, அவற்றை நிலப்படத்தில் குறித்து, அளந்து, அரசின் முடிவுகளுக்குள் கொண்டுவரும் முயற்சிக்கு ஏறத்தாழ முப்பது வயது. 1997இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் அவருடைய சகாக்களும் உலகின் எல்லாச் சூழல் சேவைகளுக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார்கள். எண்ணைப் பற்றிச் சண்டை நடந்தது. ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது. 2005இல் ஐ.நா. முன்னெடுப்பில் வெளிவந்த ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீடு, ஆராய்ந்த 24 சேவைகளில் 15 தேய்ந்துவருகின்றன என்றது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் இவற்றை வரைபடமாக்கி மதிப்பிட வேண்டும் என்று 2020க்கான பல்லுயிர் உத்தியில் சேர்த்தது. 2021இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் இதற்கான கணக்கு முறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டுவருகிறது.

பொதுவாக நான்கு வகை சொல்வார்கள். நெல், மீன், குடிநீர் போல நேரடியாகக் கைக்கு வருவது ஒன்று. வெள்ளத்தைத் தாங்குவது, உப்பைத் தடுப்பது, பூச்சியைக் கட்டுப்படுத்துவது போலச் சீராக வைத்திருப்பது இன்னொன்று. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காப்பரிசி வைத்துக் கும்பிடுவது பண்பாட்டைச் சேர்ந்தது. மண் உருவாவது, சத்து சுழல்வது ஆகியவை மற்ற மூன்றுக்கும் அடித்தளம். பாடப்புத்தகத்துக்கு இந்தப் பிரிவினை போதும். டெல்டாவில் ஒரே வயல் நான்கையும் ஒரே ஆண்டில் செய்துவிடுகிறது என்பதுதான் வரைபடம் போடுகிறவருக்கு முதல் தலைவலி.

ஒரு வயலின் பன்னிரண்டு மாதம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சம்பா வயலை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வரப்பு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. பயிர் மூழ்கினால் விவசாயிக்கு இழப்பு. ஆனால் அந்த நேரத்தில் லட்சக்கணக்கான வயல்கள் வரப்புக்குள் பிடித்து வைக்கும் நீர் ஒரே சமயத்தில் வடிகால்களில் இறங்கியிருந்தால் கீழேயுள்ள ஊர்களின் கதி என்ன? வயலில் நின்ற நீர் மெல்ல இறங்கி நிலத்தடிக்குப் போகிறது. அதில் கெண்டையும் குரவையும் நண்டும் நத்தையும் பெருகுகின்றன. கூலிக்காரக் குடும்பங்களின் மழைக்காலக் குழம்பு அதில்தான் இருக்கிறது. நத்தையையும் புழுவையும் தேடி நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் இறங்குகின்றன. இரவில் கூகை வந்து உட்கார்ந்தால் எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி வைக்கும் கூலி குறைகிறது.

தை அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது நிற்கும் கதிருக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவார்கள். தனியாக உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும் போதும். காவிரி கொடுத்த தண்ணீர் நெல்லாகிய பிறகும் தன் கடைசிச் சொட்டில் ஒரு பருப்பு விளைச்சலைத் தருகிறது. அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்துக் கூட்டங்கள் வரும். கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து கிடை போடுவார்கள். ஆட்டுக்குப் புல்லும் வரப்போரத் தழையும். வயலுக்குப் புழுக்கையும் மூத்திரமும். இரண்டு மாவட்டங்களை இணைக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல், சிட்டா அடங்கலில் ‘தரிசு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

நேர்மையாக எழுதவேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும். தேங்கிய நீரில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குகின்றன. புவி சூடாவதில் நெல் வயலுக்கும் பங்கு இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் அப்படிக் காயவிடும் வயலில் மீன் தங்காது. நிலத்தடிக்கு இறங்கும் நீரும் மாறும். ஒரு சேவையைக் கூட்டினால் இன்னொன்று குறையும் இடங்கள் இவை. எதைக் கூட்டலாம், யாருக்காக என்று முடிவெடுக்கிறவருக்கு முன்னால் இரண்டையும் வைப்பதுதான் மதிப்பீட்டின் வேலை. நெல் விளைச்சலை மட்டும் வைத்தால் அது வேளாண் புள்ளிவிவரம். மீத்தேனை மட்டும் வைத்தால் அது காலநிலை அறிக்கை. இரண்டுமே டெல்டாவைக் காட்டாது.

இப்போது இந்த வயலை வானத்திலிருந்து பாருங்கள். எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். சில அடி அகலமுள்ள கன்னி வாய்க்கால் அதில் தெரியவே தெரியாது. மே மாதப் படத்தில் வயல் பழுப்பு, நவம்பரில் நீர்நிலை, டிசம்பரில் பச்சை. நவம்பரிலோ மேகம் மறைத்துக்கொள்ளும். மேகத்தை ஊடுருவும் ரேடார் படத்தைத்தான் நம்ப வேண்டும். எந்த மாதப் படத்தை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து அதே வயல் தரிசாகவும் ஏரியாகவும் பயிர்நிலமாகவும் மாறும். நிலப்பரப்பை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு சேவை என்று அட்டவணையிலிருந்து எடுத்துப் போடும் எளிய முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மலைக்காட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். டெல்டாவுக்கு ஒரு படம் போதாது. பருவத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

ஓடுவதை எப்படி வரைவது?

நல்ல மதிப்பீடு மூன்று வரைபடங்களைத் தனித்தனியே கேட்கும். ஒரு சேவை எங்கே உருவாகிறது. அது எந்த வழியாகப் பயணிக்கிறது. அதன் தேவை யாருக்கு இருக்கிறது. டெல்டாவில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம்.

சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் வடித்த உருவத்தின் மேல் பூசுவது காவிரியின் வண்டல் மண். அந்த மண்ணின் நுண்மைதான் விரல் நகம், ஆடை மடிப்பு வரை மெழுகின் நுணுக்கத்தைப் பிடித்து உலோகத்துக்குக் கொடுக்கிறது. அந்த வண்டல் சுவாமிமலையில் பிறந்ததில்லை. ஆற்றின் மேற்பகுதி மலைகளில் கரைந்து, வெள்ளத்தில் மிதந்து, வேகம் குறைந்த இடத்தில் படிந்தது. 1934 முதல் அதன் பாதையில் மேட்டூர் அணை குறுக்கே நிற்கிறது. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அணைக்குள் தங்கிவிடும் வண்டலைப் பற்றிப் பேசினால் கொள்ளளவு குறைகிறதே என்றுதான் பேசுகிறோம். கீழே வயலுக்கும் பட்டறைக்கும் கடற்கரைக்கும் வராமல் போன மண் என்று அதைப் பார்ப்பதில்லை. கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதையும் இதே பாதையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அள்ளிய இடத்தில் ஒரு பள்ளம். அதன் விளைவு அங்கே மட்டும் நிற்பதில்லை. ஆற்றுப் படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்புக்குத் தண்ணீர் ஏறாது. முகத்துவாரத்தின் வழியே உப்பு நீர் இன்னும் மேலே வரும்.

ஓட்டத்தைக் கணக்கிடாமல் இருப்பை மட்டும் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் நமக்கே கிடைத்திருக்கிறது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டிஎம்சி, தமிழ்நாட்டின் பகுதியில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. அந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் ஆற்று நீரும் பாசன நீரும் ஊறி இறங்கியது என்பதைத் தமிழ்நாடு தொடர்ந்து சொல்லிவந்தது. மேலே ஓடும் நீர் குறைந்தால் கீழே இருப்பதும் குறையும். இரண்டும் தனித்தனிச் சொத்து இல்லை. ஆக, இயற்கையின் கொடையைக் கணக்கில் ஏற்றிவிட்டாலே அதற்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது. எப்படி ஏற்றுகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

சட்டம் வரைந்த வரைபடங்கள்

அரசிடம் வரைபடம் இல்லை என்று சொல்ல முடியாது. சட்டங்களே வரைபடங்கள்தான்.

2017ஆம் ஆண்டின் சதுப்புநிலப் பாதுகாப்பு விதிகள் எது சதுப்புநிலம் என்பதை வரையறுக்கும்போது சிலவற்றை வெளியே நிறுத்துகின்றன: ஆற்றுப் போக்குகள், நெல் வயல்கள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் கட்டிய நீர்நிலைகள், மீன், இறால் வளர்ப்புக்கும் உப்பு எடுப்பதற்கும் அமைத்தவை. டெல்டாவின் படத்தை விரித்து வைத்து இவற்றை ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். ஆறு போயிற்று, வயல் போயிற்று, ஏரி போயிற்று, வேதாரண்யம் உப்பளம் போயிற்று. முத்துப்பேட்டையும் கோடியக்கரையும் போன்ற சில ஓரங்கள்தான் எஞ்சும்.

ஆனால் வடுவூர் ஏரி ஒரு பாசன ஏரி. மேட்டூர்த் தண்ணீர் வந்து நிறைந்தால், மழையும் கைகொடுத்தால், வெளிநாட்டு வாத்துகளும் கூழைக்கடாக்களும் வந்து தங்கும். 2022இல் அது பன்னாட்டுச் சதுப்புநில உடன்படிக்கையின் கீழ் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. உதயமார்த்தாண்டபுரமும் பிச்சாவரமும் அதே ஆண்டு. கோடியக்கரை 2002லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் சதுப்புநிலமாகவே ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கை ஒரு பக்கம். அவற்றை வெளியே தள்ளும் உள்நாட்டு விதி ஒரு பக்கம். பறவைக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது காலையில் வடுவூர் ஏரியில் இருந்து கிளம்பிச் சுற்றுவட்டார வயல்களில் மேய்ந்துவிட்டுத் திரும்புகிறது. ஏரிக்குப் பாதுகாப்பு, வயலுக்கு இல்லை என்றால் பறவைக்கு வீடு உண்டு, சாப்பாடு இல்லை.

2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்றவன். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் மக்கள் உட்கார்ந்த போராட்டங்கள் இல்லாமல் அது வந்திருக்காது. புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், நிலக்கரிப் படுகை மீத்தேன், உருக்காலைகள் போன்றவற்றை அது தடுக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசின் நிலக்கரி ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய பகுதிகள் இடம்பெற்றபோது, தமிழ்நாட்டின் எதிர்ப்பில் இந்தச் சட்டம் ஒரு பிடிமானமாக இருந்தது. அப்பகுதிகள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அந்த வகையில் ஒரு கோடு வேலை செய்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் அந்தக் கோடு மாவட்டம், வட்டாரம் என்று வரையப்பட்டது. ஆற்றைப் பின்பற்றி வரையப்படவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் உள்ளே வந்தன. திருச்சி, கரூர், அரியலூர் வெளியே நின்றன. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பு திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது. டெல்டாவின் தலைமடை மண்டலத்துக்கு வெளியே, கடைமடை உள்ளே. கொள்ளிடத்தின் தென்கரை பல இடங்களில் மண்டலத்தில். எதிரே அரியலூர்க் கரை வெளியே. வயல் என்ற நிலத்தைக் காக்க முயன்ற சட்டம், அந்த வயலுக்கு உயிர் கொடுக்கும் ஓட்டத்தை அளவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளையும் அது தொடவில்லை.

இறால் பண்ணையில் கற்ற பாடம்

சூழல் சேவைகளை மதிப்பிட்டு அரசை முடிவெடுக்க வைப்பது என்றால் ஏதோ ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் புதுச்சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அப்படிப்பட்ட ஒரு பெரிய வழக்கே டெல்டாவின் கடற்கரையிலிருந்துதான் போனது.

1990களின் தொடக்கத்தில் சீர்காழி முதல் நாகப்பட்டினம் வரை கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீரை மோட்டாரில் இழுத்து வயலுக்குப் பக்கத்தில் குளமாகக் கட்டினார்கள். உப்பு பக்கத்து வயலுக்குக் கசிந்தது. குடிநீர்க் கிணறு கரித்தது. தீவனக் கழிவோடு குளத்து நீர் வாய்க்காலிலும் கடலிலும் விடப்பட்டது. மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதையில் வேலி வந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு இறால் குளத்தில் வேலை கிடையாது; அங்கே சில காவலாளிகள் போதும். காந்தியர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நாக்பூரிலுள்ள நீரி எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை அனுப்பியது. கடற்கரையை ஆய்வு செய்த அந்த நிறுவனம், பண்ணைகளின் வருமானத்தையும் அவற்றால் சமூகத்துக்கும் சூழலுக்கும் ஏற்பட்ட இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இழப்புதான் அதிகம்.

1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, அகற்ற வேண்டும். கெடுத்தவர் ஈடு கொடுக்க வேண்டும். வேலை இழப்பவர்களுக்கு இழப்பீடு தரவேண்டும். வெறும் அழகு, புனிதம், பாரம்பரியம் என்று வாதாடியிருந்தால் அந்தத் தீர்ப்பு கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கரித்த கிணறும் போன வேலைநாளும் எண்ணாக மாறியபோதுதான் ஏற்றுமதி வருமானம் என்ற எண்ணுக்கு எதிரே நிற்க முடிந்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவும் உரிமமும் பெற்று அந்தத் தொழில் தொடர வழி பிறந்தது. ஆய்வு ஒருமுறை செய்யப்பட்டது, தீர்ப்பு ஒருமுறை வந்தது, நிலைமை நகர்ந்துவிட்டது. உப்பு எந்த ஊர் வரை ஏறியிருக்கிறது, எந்தக் கிணறு திரும்பியிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் பதிந்துவரும் பொது வரைபடம் ஒன்று அன்றே தொடங்கியிருந்தால், 2005இல் நாடாளுமன்றத்தில் பேசியவர்கள் கையில் பத்தாண்டுத் தரவு இருந்திருக்கும்.

அலையாத்தி எதைத் தடுத்தது?

மதிப்பீட்டில் ஆசை புகுந்துவிடும் ஆபத்தும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிச்சாவரம் அருகே அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டன என்று 2005இல் பரங்கிப்பேட்டை அருகே 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. காடு காப்பாற்றியது என்ற செய்தி உலகம் சுற்றியது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரைமட்டத்தின் உயரமும் உயிரிழப்பின் வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன என்று எழுதினார்கள். அலையாத்தி உள்ளடங்கிய, பாதுகாப்பான இடங்களில் வளரும். அங்கே ஊரும் உள்ளடங்கி இருக்கும். காடு காத்ததா, இடம் காத்ததா என்று பிரிப்பது எளிதில்லை.

காட்டை நேசிக்கிறவர்களுக்கு இந்த விவாதம் கசக்கும். எனக்கும் கசந்தது. ஆனால் அலையாத்தி சுனாமியை நிறுத்திவிடும் என்று நம்பி ஊரை அதன் பின்னால் குடியமர்த்தினால் பலியாவது மீனவர்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது முத்துப்பேட்டை அலையாத்திக் காடே பலத்த அடி வாங்கியது. காற்றையும் சாதாரண அலையையும் அது தணிக்கும், வண்டலைப் பிடிக்கும், நண்டுக்கும் மடவைக்கும் இறாலுக்கும் தொட்டிலாக இருக்கும், சேற்றில் கார்பனைப் புதைக்கும். இந்த உறுதியான வேலைகளை விட்டுவிட்டு உறுதியில்லாத ஒன்றின் மேல் அதன் மதிப்பைக் கட்டினால், அந்த ஒன்று ஆட்டம் காணும்போது எல்லாமே ஆட்டம் காணும்.

காட்டை வெறும் பரப்பளவாக அளப்பதும் ஏமாற்றும். முன்பு மொத்தமாக வெட்டியெடுத்த இடங்களில் தரை தாழ்ந்து, ஏறிவந்த கடல்நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் உப்பு இறுகி, எந்தக் கன்றும் பிழைக்காத நிலை வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழிசெய்த பிறகுதான் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்தி மீண்டது. மரம் நடுவதற்கு முன்னால் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது. இங்கேயும் அதே கதைதான்: பச்சை நிறத்தை மட்டும் பார்த்தால் நோய் புரியாது, ஓட்டத்தைப் பார்த்தால் புரியும்.

ரூபாய் மதிப்புப் போடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு காடோ மணல்மேடோ தடுத்த சேதத்தின் விலையையே அதன் மதிப்பாக எடுத்துக்கொள்வது பரவலான முறை. மாடி வீடுகளுக்கு முன்னால் இருக்கும் மணல்மேட்டுக்கு அப்போது பெரிய தொகை வரும். கூரை வீடுகளுக்கு முன்னால் இருப்பதற்குச் சொற்பம். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கும் முதலைமேடு திட்டு, நாதல்படுகை, வெள்ளமணல் போன்ற ஊர்களை இந்தத் தராசில் வைத்தால் அங்கே காப்பாற்ற எதுவுமே இல்லை என்று காட்டிவிடும். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், மாடுகள் இருக்கின்றன, அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. ஆகவே ரூபாய்ப் பத்திக்குப் பக்கத்தில் எத்தனை பேர், எத்தனை நாள் குடிநீர், எத்தனை வேலைநாள் என்ற பத்திகளும் இருந்தே ஆக வேண்டும்.

பத்து டிஎம்சி எங்கே போகிறது?

இவ்வளவும் எந்த முடிவுக்குள் போக வேண்டும்? ஆண்டுதோறும் எடுக்கப்படும் சாதாரண முடிவுகளுக்குள். ஜூன் 12க்கு முன் எந்த வாய்க்காலை எவ்வளவு ஆழம் தூர்வாருவது, அதற்கு முன் அதன் வடிகாலைத் தூர்வாரினோமா என்பது. வெண்ணாற்றுப் பகுதியில் கடைமடை நீரொழுங்கிகளின் ஷட்டர்களை உப்பைத் தடுக்க எப்போது இறக்குவது, மீன் ஏறிவர எப்போது தூக்குவது என்பது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டருக்கு ஆவுளியா எனும் கடல்பசுவுக்காகக் காப்பகம் அறிவித்தார்கள். அது மேயும் கடற்புல்லுக்கு டெல்டா வடிகால்களிலிருந்து எவ்வளவு சேறும் உரமும் பூச்சிமருந்தும் போகின்றன என்பது. வேளாண் துறை, நீர்வளத் துறை, வனத்துறை, மீன்வளத் துறை என நான்கு துறைகள் தனித்தனிப் படங்களோடு உட்காரும் இடங்கள் இவை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது தொடக்கத்தில் சொன்ன அந்த 10 டிஎம்சி. 2018 தீர்ப்புக்குப் பிறகு, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. மாதவாரி அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி, நான்கு மாதத்துக்கும் சேர்த்து 10. சுற்றுச்சூழலுக்கு என்று ஒதுக்கியதும் அதே 10தான். காலம் சரியான காலம்: வெயில் ஏற ஏற முத்துப்பேட்டைக் காயலின் உப்பு உச்சத்துக்குப் போகும் மாதங்கள் அவை.

ஆனால் அந்த நீர் அளக்கப்படுவது மாநில எல்லையில். அங்கிருந்து அது வந்து சேருவது மேட்டூருக்கு. பாசனத்துக்காக மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. பிலிகுண்டுலுவில் சுற்றுச்சூழல் என்ற பெயரில் உள்ளே வரும் நீர், அணைக்குக் கீழே எந்த மாதம், எந்த ஆற்றின் வழியாக, எந்த முகத்துவாரம் வரை போக வேண்டும் என்று ஒரு கோடு வரைந்தாக வேண்டும். பாமணியாற்றிலா, கோரையாற்றிலா, கொள்ளிடத்திலா? போகும் வழியில் யார் மோட்டார் போட்டு எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம்? காயலில் உப்பு எந்த அளவைத் தாண்டினால் ஷட்டரைத் தூக்க வேண்டும்?

அந்தக் கோட்டின் முதல் வரைவை மேசையில் முடித்துவிடக் கூடாது. அச்சிட்டு எடுத்துக்கொண்டு கோரையாற்றங்கரையில் ஷட்டர் சாவி வைத்திருக்கும் லஸ்கரிடம் காட்ட வேண்டும். அடுத்து, காயலில் வலை போடுகிறவர்களிடமும், தலையில் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்கிற பெண்களிடமும். எந்த மதகில் தண்ணீர் ஏறும், எதில் நாலு வருஷமாக ஏறவில்லை, எந்தக் கிணறு மாசியில் கரிக்கத் தொடங்கும் என்று அவர்கள் பென்சிலால் திருத்தித் தருவார்கள். அந்தத் திருத்தங்களோடு அது மேட்டூர் அணை திறப்பைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்குப் போக வேண்டும்.